வேலை போனவர்களுக்கான முகாம்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

கரிமாமா, இன்றைக்கு மலையடிவாரத்தில் முகாம் போட்டிருந்தார்கள். உலைக்குள் பதிக்கிற வெளிநாட்டுக் கல் மலிவாக வந்து, அதே கல்லைச் சுடுகிற உங்கள் சூளைக்கல் ஆலையை மூடினார்களே, அந்த ஆட்களுக்கு அரசாங்கம் வேறு வேலை கற்றுத் தருகிறதாம். இப்போதுதான் நினைப்பு வந்திருக்கிறது.

என் புருசன் நீங்கள் செத்துப்போனதைச் சொல்லி, "அவரு எடத்துல நான் கத்துக்கறேனுங்க, தையலானாலும் சரிங்க" என்றேன்.

"வேலை போனது அவருக்குத்தானுங்கம்மா, உங்களுக்கில்லீங்களே" என்றார் ஆபீசர்.

"அப்ப எங்கூட்டு அடுப்பு எதுக்குங்க அணைஞ்சுது?"

அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். தெரியாத வேலையில் போய் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இந்தப் பயிற்சி என்று மைக்கில் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சூளையில் நின்ற மனுசன் நீங்கள். ஆலை மூடியதும் எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போய், மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, விழுந்து உயிரை விட்டீர்கள். "ஏறிப் பழக்கமுங்களா?" என்று எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் கேட்டதற்கு, பிறந்ததிலிருந்தே மரத்தில் இருந்தவர் மாதிரி தலையாட்டினீர்களாம். தெரியாதுங்க என்று ஒரு வார்த்தை சொல்ல அப்படி என்ன வெட்கம் உங்களுக்கு?