மிக்சர் பக்கத்தில் ஒரு நாற்காலி

கோலா சிலாங்கூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் கங்காவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் குறையில்லாமல் இருக்கிறோம். கூச்சிங்கில் நீயும் அவ்வாறே இருக்கிறாய் என்பதைத் தொலைபேசியில் கேட்டிருந்தாலும், எழுத்திலும் ஒருமுறை விசாரித்துக்கொள்வதில்தான் எனக்குத் திருப்தி. சென்ற வாரம் நீ பேசியபோது, "அப்பா, சம்மதமா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, சுத்தி வளைக்காதீங்க" என்றாய். சட்டக் கல்லூரி உனக்காக ஓராண்டு ஒத்திவைத்திருக்கும் இடத்தை விட்டுவிட்டு, சில மாதப் பயிற்சியோடு நீ போய்ச் சேர்ந்த அந்த மேடை ஒலி நிறுவனத்திலேயே நிலையாக இருந்துவிடுவதற்கு நான் இசைகிறேனா என்பதே உன் கேள்வி என்று புரிந்துகொண்டேன். கல்லூரிக்கு இம்மாத முடிவுக்குள் பதில் தர வேண்டும் என்பதும் நினைவில் இருக்கிறது. யோசித்து எழுதுகிறேன் என்று சொன்னபடி இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியை அவள் வீட்டுக்கும் வாசல் கேட்டுக்கும் நடப்பதோடு முடித்துக்கொள்கிறாள். உன் அண்ணன் ஜீவனுக்கு ரவாங் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது, போகவர நெரிசலிலேயே பாதி நாள் கழிகிறது என்பதால் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நீ லோரியிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளை இறக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மா, "பொம்பளப் பிள்ள லோரி மேல ஏறி நிக்குது, இதுக்கா இவ்வளவு படிக்க வச்சோம்" என்றாள். மறுநாள் அதே வீடியோவைப் பக்கத்து வீட்டு மாலாவிடம் அவளே காட்டி, மஞ்சள் கையுறை போட்டிருப்பது தன் மகள் என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டையும் நான் கேட்டேன்.

இனி பக்கத்து ஊரான அசாம் ஜாவாவின் கோயில் திருவிழா. நான் அங்கே சட்ட ஆலோசகர் மட்டுமே என்பது உனக்குத் தெரியும். ஆனால் மகள் ஒலித்துறையில் இருப்பதால் தகப்பனுக்கும் அது தெரியும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துவிட்டது. வழக்கமாக மாலையில் சாலைக்கு அப்பாலுள்ள சூராவ் தொழுகைக்கூடத்தில் பாங்கு அழைப்பு தொடங்கியதும் நாம் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவோம். யாரும் எழுதி வைத்த விதி இல்லை, இரு தரப்பும் மதித்து வரும் வழக்கம். சென்ற ஆண்டு ஒலிக்குப் பொறுப்பாக இருந்த சசிகுமார், மரியாதைக்குக் குறைவு வந்துவிடக் கூடாதென்று பிளக்கையே பிடுங்கிவிட்டு, பாங்கு முடியும் நேரத்தில் திரும்பச் செருகினான். வெடி போட்டதுபோல் ஒரு சத்தம் எழுந்தது, ஓர் ஒலிபெருக்கி பழுதானது, சூராவில் தொழுகைக்கு நின்றவர்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். மரியாதைக்காகச் செய்ததே மரியாதைக் குறைவாகிவிட்டது. இம்முறையும் அப்படி நேர்ந்தால் அடுத்த ஆண்டு ஒலிபெருக்கியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்ற பேச்சு குழுவிலேயே எழுந்தது. அதனால்தான் உன்னை அழைத்தேன். நான் ஒரு குறிப்புக் கேட்டேன், நீ அதைச் சொல்லாமல் என்னைக் கேள்வி கேட்டாய். சூராவ் எந்தத் திசையில், வயதானவர்கள் எங்கே உட்காருவார்கள், தொட்டிலில் குழந்தைகள் எங்கே தூங்கும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகை யார் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, இடத்தை வரைந்து அனுப்பாமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றாய். அனுப்பினேன். அதன் பிறகு செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிட்டு, கடைசியில், "நான் நேர்ல பாக்கலப்பா, உறுதியாச் சொல்ல முடியாது, கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றுதான் முடித்தாய்.

நீ சொன்னபடி இரண்டு பெரிய பெட்டிகளுக்குப் பதிலாகச் சிறியவற்றைக் கூட்டத்துக்கு அருகிலேயே, சூராவுக்கு முதுகு காட்டி வைத்தார்கள். பலகைக்கு ஒருவர் காவல் வேண்டும் என்று நீ சொன்னதற்குக் காரணம் அங்கே போன பிறகுதான் விளங்கியது. போகிற வருகிற ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு குமிழைத் திருகிவிட்டுப் போகிறார்கள். நான் அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்தேன். உறுமிக் குழுவின் தலைவர் அப்பளசாமி வந்து, "சார், உறுமி அடுத்த எஸ்டேட் வரைக்கும் கேக்கணும், இல்லாட்டி சாமி எப்படி வரும்?" என்றார். சாமி இந்தக் கோயிலில்தானே இருக்கிறது என்றேன். "வக்கீல்கிட்ட வாய் கொடுத்தது என் தப்பு லா" என்று சிரித்துக்கொண்டே போனார், ஆனால் போகும்போதும் ஒரு கையை நீட்டத்தான் செய்தார்.

பாங்கு தொடங்கும் நேரத்தில் சசிகுமார் தேருக்கு விளக்கு இணைக்க முன்னால் போயிருந்தான். உன்னை அழைத்தேன், நீ வேலையில் இருந்தாய் போலும், எடுக்கவில்லை. ஆகவே நீ சொல்லியிருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, மின்சாரத்தைத் தொடாமல், மொத்தச் சத்தத்துக்கான குமிழை மெதுவாகக் கீழே இறக்கினேன். உறுமிக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்தார்கள். பாங்கு முழுவதும் தெளிவாகக் கேட்டது. முடிந்ததும் அதே நிதானத்தில் ஏற்றினேன். மறுநாள் சூராவ் குழுவைச் சேர்ந்த ஜியாவுதீனின் கடையில் தேநீர் குடிக்கும்போது அவர், "என்ன வக்கீல் சார், இந்த வருஷம் திருவிழா இல்லையோன்னு நெனச்சுட்டேன், எட்டிப் பாத்தா அவ்ளோ கூட்டம்" என்றார். குழுவில் ஒலிபெருக்கிப் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

இதிலிருந்து பெரிய முடிவுக்குத் தாவ நான் விரும்பவில்லை. ஒரு திருவிழா எதையும் நிரூபிக்காது. சில மாதப் பயிற்சி போதுமா என்ற என் ஐயம் அப்படியே இருக்கிறது. அதைத் தீர்க்கப் பல ஆண்டு வேலைதான் வேண்டும். ஆனால் பார்க்காததைப் பற்றி உறுதி கூற மறுப்பதும், பதில் சொல்லுமுன் யாருக்குப் பாதிப்பு என்று கேட்பதும், நீ சட்டம் படித்து வரவேண்டும் என்று எதற்காக நினைத்தேனோ அவையேதான். அவை உன்னிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

வேலை ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். கருவிகளுக்கு எவ்வகைச் சேதம் நேர்ந்தாலும் ஊழியரே பொறுப்பு என்ற வரியை, உன் கவனக்குறைவால் நேர்ந்ததற்கு மட்டும் என்று திருத்தக் கேள். சேமநிதியும் சொக்சோ காப்புறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தார் முகம் சுளித்தால் பணிவாக மறுபடி கேள். கல்லூரிக்கான கடிதத்தை நான் எழுதப்போவதில்லை. அது உன் கையால், நன்றியோடு போக வேண்டும்.

காதுக்கு அடைப்பான் இல்லாமல் எந்த மேடைக்கும் போகாதே, காது போனால் மேல்முறையீடு கிடையாது. தீபாவளிக்கு விடுப்பை இப்போதே கேட்டுவை, அம்மா விமானச் சீட்டு பற்றித் தினமும் விசாரிக்கிறாள். நீ தொடும் வேலை உனக்கும் கேட்பவருக்கும் நன்மையாக அமைய எங்கள் இருவரின் ஆசியும் உண்டு.

ஒரு வார்த்தை கேட்டாய், நான் இவ்வளவு எழுதிவிட்டேன். அந்த வார்த்தை: சம்மதம்.

உன் அப்பா,
உமாபதி