மாசி மகத்தன்று கடல் ஏறிய இடம்

காஞ்சிபுரம்
16-3-1972

அன்பு மகள் கலாவதிக்கு அப்பா எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம், குஜராத் பவநகரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நேற்று அமாவாசை, தறிக்கு விடுமுறை, அதனால் உன் கடிதத்தைத் தபால்காரரிடம் நானே வாங்கினேன். காலையில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறாகக் கிடந்த இடத்தில் பௌர்ணமியன்று தண்ணீர் துறைமுகச் சுவர் வரை ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாய். துறைமுகத்திலேயே வேலை பார்க்கும் மாப்பிள்ளை சொன்ன காரணத்தை மூன்று முறை படித்தேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஒரே கோட்டில் நிற்குமாம், இரண்டின் இழுப்பும் சேர்ந்துகொள்ளுமாம், அன்றைக்குப் பார்த்துச் சந்திரன் பூமிக்குக் கிட்டவும் வந்துவிட்டால் தண்ணீர் இன்னும் ஏறுமாம், அஷ்டமி வாக்கில் ஒன்றுக்கொன்று குறுக்கே இழுப்பதால் கடல் அடங்கியிருக்குமாம். தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டும்போது ஆட்கள் ஒரே நேராக நின்று இழுத்தால் வருகிற விறைப்பு, கோணலாக நின்றால் வருமா. மாதம் தவறாமல் அமாவாசைக்குத் தறி நிறுத்துகிற எனக்கு இது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

படித்ததிலிருந்து மகாபலிபுரம்தான் ஞாபகம். உனக்கு அப்போது ஒன்பது வயது. மாசி மகப் பௌர்ணமிக்குக் கட்டுச்சோற்றோடு முதல் பஸ்ஸில் போனோம், புளிசாதத்தை பஸ்ஸிலேயே கேட்டு நீ அடம்பிடித்தாய், அம்மா நெல்லிக்காய் கொடுத்துச் சமாதானம் செய்தாள், அந்த மாதிரி ஒரு காலை பிறகு வரவே இல்லை. அதற்கு முன் ஓர் அஷ்டமியன்று நான் அங்கே போயிருந்ததால் அலை எதுவரை வரும் என்று தெரியும் என்ற நினைப்பு எனக்கு. காய்ந்த மணலாகப் பார்த்து மூட்டையை வைத்து, "இங்கியே நில்லு, எங்கியும் போவாத" என்று உன்னை அதற்குக் காவலாக நிறுத்திவிட்டு நானும் அம்மாவும் முழுக்குப் போடப் போனோம். மூட்டைக்குள் உன் அம்மாவுக்கென்று நான் நெய்த ஒரே பட்டுப்புடவை, அரக்கு நிறம். தண்ணீர் ஏறி மூட்டையைக் கொண்டுபோய்விட்டது. அத்தனை பேர் முன்னால் உன்னை அடித்தேன். "கொழந்தையப் போட்டு அடிக்கிறீங்களே, அதுக்கு இன்னா தெரியும்" என்று அம்மா ஈரத்தோடு ஓடிவந்து தடுத்தாள்.

அதிலிருந்து வீட்டில் எது தொலைந்தாலும், "கலாகிட்டக் குடுத்தியா, கடலுக்குப் போயிருக்கும்" என்று கேலி. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எதிரிலும் சித்தப்பா முனுசாமி அதைச் சொன்னான், நானும் சேர்ந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நேற்றுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன், இடம் பார்த்து மூட்டை வைத்தவன் நான், பௌர்ணமிக் கடல் தெரியாதவன் நான், இனி யாரும் கலாவைச் சொல்லக் கூடாது என்று. ஆனால் அவர்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று இடுப்பளவு தண்ணீரிலும் நீ நான் நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். ஓடிவந்த நான் முதலில் தேடியது மூட்டையை. அப்பாவை மன்னித்துவிடு அம்மா.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், பேத்திக்கு முத்தங்கள். எல்லாச் சௌபாக்கியமும் பெற்று நீ நன்றாக இரு. கடற்கரைக்குப் போகும்போது பேத்தியைக் கையில் பிடித்துக்கொள், அவளை எதற்கும் காவல் வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
க. பரசுராமன்