தர்ஷுவின் விரலில் இருப்பது மரு அல்ல

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே புழுக்கம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை, இரும்பு உருக்கும் கம்பெனியின் கேன்டீன். கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கும் வேலை இன்று தொடக்கம். எல்லோரும் வெறும் வயிறு. எல்லோருக்கும் கோபம்.

"நாஷ்டா துன்னாம ரத்தத்த குடுத்துட்டு அடுப்பாண்ட போய் நிக்கணுமா? உனுக்கே இது நாயமா கீதா?" என்றார் ஒருவர். அவருக்கு நரம்பு கிடைக்கவே இல்லை. பாவம், இரண்டு கையிலும் குத்தினேன்.

வாங்க வேண்டியது: ஐஸ் பெட்டிக்கு ஐஸ். தர்ஷுவுக்கு வெள்ளை ஷூ (ஸ்கூலில் ஓட்டப் பந்தயம்). கோதுமை மாவு.

மதியம் சென்னையிலிருந்து டாக்டர் வசந்தி வந்தார். ஆராய்ச்சி அவருடையது. எங்களை உட்காரவைத்து லேப்டாப்பில் படங்கள் காட்டினார். பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால். சாப்பாட்டால் வருவது இல்லை. ரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ராலை ஈரலால் பிடித்து வெளியே தள்ள முடியாத கோளாறு. தேங்கியது ரத்தக் குழாயில் படியும். தோலுக்கடியிலும் படியும். குதிகால் நாரில், முழங்கையில், விரல் முட்டியில். யாரிடமாவது பார்த்தால் உடனே சொல்லுங்கள் என்றார்.

கடைசிப் படம் ஒரு குழந்தையின் கை. விரல் முட்டிகளில் மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டிகள்.

தர்ஷுவின் கை.

வேறு ஏதோ ஊர்க் குழந்தை, தெரியும். ஆனால் அது என் பெண்ணின் கை.

டீயைச் சுடிதார் மேலேயே கொட்டிக்கொண்டேன். கறையைக் கழுவும் சாக்கில் வெளியே போய்விட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மரு என்றுதான் நினைத்தோம். அதற்குச் செய்தவை:
கிளினிக்கில் மருந்து வைத்துச் சுட்டது. வீல் என்று கத்தினாள்.
பெரியபாளையத்தம்மனுக்கு அத்தை உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொண்டது.
யாரோ சொன்னார்கள் என்று ஏதோ எண்ணெய்.
போகவில்லை. முழங்கையிலும் வந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு மரு வராதா என்ன என்று விட்டுவிட்டோம்.

காலையில் தர்ஷுவின் அப்பா, என் மாமா, வேலைக்குக் கிளம்பும்போது (காட்டுப்பள்ளியில் வெல்டிங்) காலைக் காட்டச் சொன்னேன். குதிகாலுக்கு மேலே நார் தாம்புக்கயிறு மாதிரி தடித்திருக்கிறது.

"ஷூ கடிச்சிருக்கும்" என்றார்.

என் காலைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கும் அதே தடிப்பு.

"எனுக்கும் கீது மாமா. நான் எங்க ஷூ போடறேன்?"

"காலங்காத்தால இன்னாடி பேஜாரு? கம்பெனி பஸ் பூடும்."

ஜூன் 11, புதன்

தர்ஷுவை ரத்தம் எடுக்கும் முகாமுக்கே கூட்டிப் போனேன். டாக்டர் வசந்தி அவள் கையை எடுத்துப் பார்த்தார். முழங்கையையும் திருப்பிப் பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். தர்ஷுவுக்கு நான் எடுக்க மாட்டேன் என்றேன். அவரே எடுத்தார்.

மாமா சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து, வெறும் வயிறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று டாக்டர் சொல்ல, முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

ஜூன் 13, வெள்ளி

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

மிஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று லேபில் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார்களாம். அதேதான். எனக்கும் மாமாவுக்கும் கெட்ட கொலஸ்ட்ரால் மிக அதிகம். தர்ஷுவுக்கு எங்கள் இரண்டு பேருடையதையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். இத்தனை வருடத்தில் எத்தனையோ ரிப்போர்ட் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்று பார்த்ததில்லை.

டாக்டர் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"அத்தை மகன் மேடம். எங்கப்பாவும் இவரு அம்மாவும் கூடப் பிறந்தவங்க."

ஒரு காகிதத்தில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தை வரைந்தார். என் அப்பா: கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர், நாற்பது தாண்டியதுமே போய்விட்டார். வெயில் தாக்கியது என்றார்கள். அப்பாவின் அப்பா: ஏர் ஓட்டும்போது விழுந்தார். காத்து கருப்பு அடித்தது என்றார்கள். அத்தை: நெஞ்சு அடைக்கும் என்பார், வாயு என்று ஓமத் தண்ணீர் குடிப்பார். ஒவ்வொரு பெயராக நான் சொல்லச் சொல்ல டாக்டர் கட்டத்தையும் வட்டத்தையும் கறுப்பாக அடித்துக்கொண்டே வந்தார்.

மாமாவுக்குக் கோபம். "ஈர்க்குச்சி மாதிரி கீறா மேடம். ஞாயித்துக்கிழமதான் கறி. இவளுக்கு எங்கேந்து வந்துச்சு கொழுப்பு?"

"உங்க ரெண்டு பேர்கிட்டேந்தும்" என்றார் டாக்டர். "உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு நல்ல ஜீன், ஒரு கெட்ட ஜீன். பாப்பாவுக்கு ரெண்டும் கெட்டது வந்திருக்கு."

மாமா வெளியே போய் பைக் மேல் கை வைத்து நின்றார். ரொம்ப நேரம். ஸ்டார்ட் பண்ணவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சென்னை. தர்ஷுவுக்கு இதய ஸ்கேன். வால்வில் படிய ஆரம்பித்துவிட்டது. பெரிய அடைப்பு இன்னும் இல்லை. இன்னும் என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு ரயிலில் வந்தேன்.

மாத்திரை இரண்டு வகை, வாழ்நாள் முழுக்க. அது போதாவிட்டால் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டிவரும். எங்களுக்கும் மாத்திரை. தர்ஷு ஓடக் கூடாது.

"மெதுவா ஓடட்டா? லாஸ்ட் வந்தாக்கூட பரவால்ல" என்றாள் தர்ஷு.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 19, வியாழன்

கிரைண்டர் ரிப்பேர்.

அத்தை கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை என் தம்பி சதீஷ். பெண் மோனிஷா, மாமாவின் தங்கை. அதே அப்பாவின் மகன். அதே அத்தையின் மகள்.

மஞ்சள் கிண்ணத்தைப் பிடுங்கினேன். "அத்தே, இது வேணாம். ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்கறவரைக்கும் வேணாம்."

அத்தைக்குப் புரியவில்லை. கட்டம், வட்டம் போட்டுக் காட்டினேன். கடைசி வட்டத்தில் தர்ஷு. அத்தை அதன் மேல் விரலை வைத்தார்.

"ரத்தம் உட்டுப் பூடக் கூடாதுன்னுதானே உன்ன எம்புள்ளைக்குக் கட்டினேன்" என்றார். "நல்லதுக்குன்னுதானேடி கட்டினேன்."

மஞ்சள் கையோடு முகத்தை மூடிக்கொண்டார்.

ஜூன் 21, சனி

அம்மா போனில்: "பத்திரிக்க அடிச்சாச்சு, ஊருக்கு இன்னா சொல்றது?" சதீஷ்: "எனுக்கு ஒண்ணும் இல்லக்கா, நான் டெய்லி ஜிம்முக்குப் போறேன்." எல்லோரும் என்னையே முறைக்கிறார்கள், நான்தான் இந்த வியாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தது போல.

ஜூன் 23, திங்கள்

முகாமில் டியூபுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் மோனிஷா. பின்னால் சதீஷ், முகம் தொங்கிப்போய்.

"நேத்து ராத்திரியிலேந்து தண்ணிதான் அண்ணி. எடுங்க" என்று கையை நீட்டினாள். "ரெண்டு பேருக்கும் இருந்தா?"

"பிறக்கறதுல நாலுல ஒண்ணு தர்ஷு மாதிரி ஆகலாம்."

சதீஷ் சட்டென்று உட்கார்ந்துவிட்டான். "நான் மொதல்ல குடுக்கறேன்க்கா" என்றான்.

ஜீன் பரிசோதனைக்கும் சேர்த்து எடுத்தேன். அத்தைக்கு ரத்தத்தோடு ஈசிஜியும் எடுத்தாகிவிட்டது. அவருக்கு நெஞ்சு அடைப்பது வாயு இல்லை. அடுத்த வாரம் ஆஞ்சியோ.

ஜூலை 18, வெள்ளி

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை.

டாக்டர் போன். சதீஷுக்கு இருக்கிறது. மோனிஷாவுக்கு இல்லை. சுத்தமாக இல்லை. கல்யாணம் செய்யலாம். அவர்கள் பிள்ளைக்கு ஒரு கெட்ட ஜீன் வந்தாலும் மாத்திரையில் அடங்கும், தர்ஷு மாதிரி ஆகாது.

வீடு முழுக்கச் சிரிப்பு. நெஞ்சடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துத் திரும்பியிருந்த அத்தை, கட்டிலில் இருந்தபடியே சர்க்கரை எடுத்து எல்லோர் வாயிலும் போட்டார். மாமா இத்தனை நாள் கழித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷ அழுகை இல்லை. ஆத்திரம். அவளுக்கு மட்டும் எப்படி? எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் எங்களை ஏன் ஒருவரும் உட்காரவைத்து ரத்தம் எடுக்கவில்லை? எனக்குள் இப்படி ஒருத்தி இருப்பது எனக்கே இன்றுதான் தெரியும். பயமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

தர்ஷு மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்து விழுங்கப் பழகிவிட்டாள். முதல் மாத ரிப்போர்ட்: குறைந்திருக்கிறது, போதாது. சென்னையில் மிஷின் இருக்கும் இடத்தை டாக்டர் விசாரிக்கிறார்.

மத்தியானம் மோனிஷா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு இல்லன்னதும் மொதல்ல சிரிச்சிட்டேன் அண்ணி. அப்பாலிக்கா தர்ஷு மூஞ்சியப் பாக்க முடியல."

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ரெண்டு நாளா எனக்கு உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல மோனி" என்றேன்.

"தெரியும்" என்றாள். போகவில்லை. அங்கேயே நின்றாள்.

சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.