நாத்தனாரின் முகம்

ஞாயிறு, இரவு.

மண்ணாடிப்பட்டிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். அவருக்கும் என்னைப் போலவே முடக்குவாதம். யாரோ வைத்தியர் தந்த பொடியில் எனக்கும் ஒரு டப்பா கொண்டுவந்தார்.

"ரெண்டே நாள்ல வலி போயிடுச்சு. மூஞ்சி எப்படி ரொம்பியிருக்கு பாரு! நீ இன்னாடான்னா வாரத்துக்கு ஒருக்கா மாத்திரை போட்டுக்கினு கெடக்குற."

அந்த முகம்தான் தூங்கவிடவில்லை. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும். முகம் ரொம்பியது அது தரும் வீக்கம்தான். என் மாத்திரை, சொந்த மூட்டுகளையே தாக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மெல்லத்தான் அடக்கும். பலன் தெரியப் பல வாரமாகும். மாலையிலேயே அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணி, பொடியைத் திடீர்னு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வாங்க."

"வரலைன்னா இன்னா பண்ணுவ?"

"டப்பாவை மட்டும் கொண்டுபோய்க் காட்டுவேன்."

டப்பா மேசையில் இருக்கிறது. விரல்கள் மடங்கவில்லை. அதைச் சாப்பிட ஆசையாகத்தான் இருக்கிறது. இந்த வார மாத்திரையை விழுங்கிவிட்டேன். வலிக்கட்டும்.