ஒரு முனையில் ஓடாத டிஸ்க்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். மாமாவுக்கு இருமல் நின்றதா? என் வணக்கத்தைச் சொல்.

போன வாரம் என் லேப்டாப் உயிரை விட்டது. பயப்படாதே, பாப்பாவின் வீடியோக்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் கையகல டப்பாவில் போட்டு, அறைத்தோழரின் கம்ப்யூட்டரில் செருகினேன். டிக் டிக் என்றது, திறக்கவில்லை. வேறு பிரதி கிடையாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறைத்தோழர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், கேபிள்ல கம்ப்யூட்டர் பக்கமே ரெண்டு முனை இருக்கே, ரெண்டையும் குத்து. ஒண்ணுல வர்ற கரண்டு அதுக்குப் பத்தாது."

"இன்னொண்ணு ஸ்பேர்னு நினைச்சேன்."

"அப்போ மூக்குல ஒரு ஓட்டையும் ஸ்பேரா?"

குத்தினேன். திறந்தது. அன்று எனக்கு விடுமுறை; நாள் முழுவதும் திரையில் பாப்பா விழுந்து எழுந்து நடந்துகொண்டிருந்தாள்.

அந்த உற்சாகத்தில் அவளுக்கு ஷூ வாங்கினேன். கடைக்காரர் அளவு கேட்டார்; விரலை விரித்துக் காட்டினேன். அறைக்கு வந்த பிறகுதான், அது வீடியோவில் நடப்பவளின் அளவு என்று உறைத்தது. நம் பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. வளரும் பிள்ளை என்று கூட்டி வரையாதே. இன்றைக்கு இருக்கிற அளவு தெரிந்தால் போதும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள்.

உன் வீட்டுக்காரன்