மாப்பிள்ளையின் வாடை

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே நாங்களும் பன்றிகளும் சுகம், என் மானம் ஒன்றுதான் கப்பலேறிப் போய்விட்டது, நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

ஊசி விஷயம் என்னாச்சுப்பா என்று போனில் கேட்டாயே, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன், லைன் நன்றாகத்தான் இருந்தது. ஆண் குட்டியைப் பிறந்த வாரமே காயடிக்காவிட்டால் வளர்ந்தபிறகு கறி மூத்திர வாடை அடிக்கும், எவனும் வாங்கமாட்டான், அதற்காகத்தான் நான் கத்தி பிடித்தேன், அதுகள் கத்துகிற கத்தலில் நீ தலையணைக்கடியில் தலையைப் புதைத்துக்கொள்வாய். உன் அண்ணி வந்து, கத்தி வேண்டாம் மாமா, ரெண்டு தடவை தடுப்பூசி போட்டால் காய் தானாக அடங்கிவிடும், வாடையும் வராது என்று கால்நடை டாக்டரம்மா சொல்கிறார் என்றாள். நான் சும்மா இருந்தேனா, வாடை வராவிட்டால் என் மூக்கை அறுத்துக்கொள்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன்.

ஊசி போட்ட முதல் பன்றி கறிக்கடைக்குப் போனது. கொழுப்பை வறுத்துப் பார்ப்பேன், வாடை அடித்தால் ஒன்றுகூட எடுக்கமாட்டேன், பழையபடி கத்தியால் காயடித்ததையே கொண்டுவாருங்கள் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள், என் மூக்குக்கு ஊரில் அவ்வளவு நல்ல பேர். நானும் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ச் சட்டிமேல் குனிந்து, அடிக்குது என்றேன். கடைக்காரர் என் பக்கமாக வந்து முகர்ந்து முகத்தைச் சுளித்து, ஆமாம் பெரியவரே என்றார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள், கடைக்காரரும் பின்னாலேயே போய் முகர்ந்தார், ஒன்றுமில்லை. உள்ளே என் பக்கம் வந்தால் மறுபடி வாடை. அண்ணி என் தோளை முகர்ந்துவிட்டு, மாமா, இந்தச் சட்டையோடவா மாப்பிள்ளைக்குத் தீனி வைச்சீங்க என்றாள். மாப்பிள்ளை என்றால் நாம் காயடிக்காமல் இனத்துக்கு விட்டிருக்கிற கிழட்டு ஆண் பன்றி, உன் வீட்டுக்காரர் தப்பாக நினைக்க வேண்டாம். தினமும் என்மேல் உரசினால்தான் அவருக்குத் தீனி இறங்கும். சட்டையைக் கழற்றித் தெருவில் போட்டு, பனியனோடு நின்று மறுபடி முகர்ந்தேன், நல்ல கொழுப்பு வாசம்தான். கறி பாஸ், நாட்டாமை ஃபெயில் என்று சொல்லிக் கடைக்காரர் அத்தனை பன்றிக்கும் ஒத்துக்கொண்டார். கடைத்தெருவில் இப்போது என்னைப் பார்த்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு கும்பிடு போடுகிறார்கள்.

இந்த வாரம் ஒரு பன்றி குட்டி போட்டிருக்கிறது. கொட்டிலுக்குள் போனால் தாய்ப் பன்றி இன்னும் என்னை நம்புவதில்லை, எழுந்து குட்டிகளை மறைத்துக்கொண்டு என் கையையே பார்க்கிறது. வெறும் கைதான் தாயே என்று ரெண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், இந்த வயதில் ஒரு பன்றியிடம் நல்ல பெயர் வாங்க என்ன பாடு பார். நேற்றுத்தான் முதல்முறையாக என் முன்னாலேயே குட்டிகளுக்குப் பால் கொடுக்கப் படுத்தது.

குழந்தைக்குத் தடுப்பூசி தள்ளிப்போடாதே, என்னைப்போல டாக்டரிடம் வாயாடாதே. உன் வீட்டில் சிரிப்பு குறையாமல் இருக்கட்டும், அதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். வரும்போது நல்ல வாசனைச் சோப்பு மறக்காதே. காகிதத்தை மூக்குப் பக்கம் கொண்டுபோகாதே, கைநாட்டு மட்டும் நான் வைத்தது.

இப்படிக்கு,
மூக்கறுபட்ட உன் அப்பா