ஆடி முடிய ஏழு நாள்

காத்மாண்டு, 9.8.1994

அன்புள்ள தனக்கோடிக்கு லோகநாதன் எழுதுவது. இடுப்புவலி தேவலையா? நான் சுகம். பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு, தனியாகச் சாப்பிட்டால் வேறெதுவும் இறங்குவதில்லை.

இங்கே நான் வேலை பார்க்கும் காசினோ, அதான் இந்தச் சூதாட்ட விடுதி, வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறதாம். உள்ளூர்க்காரர் ஆடக்கூடாது என்று சட்டம். நம் நாட்டுக்காரர்களை நம்பித்தான் தொழிலே நடக்கிறது. நேற்று நான் சீட்டுப் போடும் மேசையில் இரண்டு பேர் தமிழில் பேசினார்கள். ஒருவனை மற்றவன் "துளசிங்கம்" என்றான். நம் முடிச்சூர் நிலத்துக்காக உன்னிடம் வருவதாக நீ எழுதிய புரோக்கரேதான். என்னை நேபாளி என்று நினைத்து, என் எதிரிலேயே கூட வந்தவனிடம் சொன்னான்:

"தனக்கோடி அம்மா ஆடின்னு கையெழுத்து போடாம கீது. ஆவணி பொறந்ததும் பவர் பத்திரம் எழுதி வாங்கிடுவேன். நெலத்த வித்து, இங்க வுட்டத இங்கயே புடிச்சிடலாம்."

ஆடுபவரோடு சீட்டுப் போடும் ஊழியர்கள் நாங்கள் பேசக்கூடாது. சீட்டைப் போட்டுக்கொண்டே நின்றேன்.

தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று வாசலிலேயே விழுந்து அழுவாய். அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆடி முடிய ஏழு நாள், கடிதம் வந்துசேரப் பத்து நாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. தந்தி ஆபீசுக்கு ஓடுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் அழுது முடித்திருப்பாய். உயிரோடுதான் இருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டிருக்காதே.

லோகநாதன்